காற்றுக்கும் காசு

ஒரு கிலோ கை முறுக்கு. அட்டைப்பெட்டி, உடையாமல் இருக்கச் சுற்றிலும் கசக்கித் திணித்த செய்தித்தாள், பிரவுன் டேப் எல்லாம் சேர்த்துத் தராசில் வைத்தால் 1.3 கிலோ. கூரியர் கவுன்ட்டரில் இருப்பவர் அதோடு விடமாட்டார். பெட்டியை அளப்பார்: நீளம் 30, அகலம் 25, உயரம் 20 சென்டிமீட்டர். பில் மூன்று கிலோவுக்கு வரும். முதல் தடவை பார்சல் அனுப்புகிறவருக்கு அடிவயிறு எரியும்.

இது ஏமாற்று வேலை இல்லை. பஞ்சு மூட்டை ஏற்றிய லாரியைப் பாருங்கள். பாரம் ஏறுவதற்கு முன்பே இடம் தீர்ந்துவிடும். அந்த இடத்துக்கு வாங்கும் வாடகைதான் 'வால்யூமெட்ரிக் வெயிட்'. மூன்று அளவையும் பெருக்கி 5000ஆல் வகுக்க வேண்டும். 15,000ஐ வகுத்தால் 3. அதாவது ஐந்து லிட்டர் எண்ணெய் பிடிக்கிற இடம் ஒரு கிலோவுக்குச் சமம். நிஜ எடை, இந்த எடை இரண்டில் எது கூடுதலோ அதற்கே கட்டணம். இரும்பு தோசைக்கல் விற்பவருக்கு இந்தக் கவலை கிடையாது. அவருக்குத் தராசு சொல்வதுதான் கணக்கு.

எல்லாக் கூரியரும் 5000 வைப்பதில்லை. 4000 என்றால் இதே பெட்டி 3.75 கிலோ. கிலோவுக்கு என்ன ரேட் என்று கேட்பவர்கள் இந்த எண்ணைக் கேட்க மறந்துவிடுகிறார்கள். மலிவான ரேட் இங்கேதான் கடிக்கும்.

அடுத்தது படி. பார்சல் கட்டணம் பெரும்பாலும் அரைக்கிலோ அரைக்கிலோவாக ஏறும். 510 கிராமுக்கு ஒரு கிலோ காசு. சரியாக 500 கிராம் மிக்சர் போட்டால் பெட்டியே அதை அடுத்த படிக்குத் தள்ளிவிடும். 400 கிராம் பாக்கெட் விற்பது, என் பார்வையில், கஞ்சத்தனம் இல்லை. தூரத்துக்கும் படி உண்டு. ஸ்பீடு போஸ்ட்டில் 200, 500, 1000, 2000 கிலோமீட்டர் என்று எல்லைகள். காரைக்குடியிலிருந்து சென்னைக்கு ஒரு விலை, டெல்லிக்கு வேறு விலை. மேலே 18 சதவீதம் ஜி.எஸ்.டி.

முறுக்கை எடுத்துக்கொண்டு 25, 20, 15 பெட்டிக்கு மாறினால் மூன்று கிலோ ஒன்றரையாகிவிடும். பழகியவர்கள் புதுப் பெட்டிகூட வாங்குவதில்லை. பெரிய பெட்டியின் நான்கு மூலையையும் கத்தியால் கீறி, முறுக்கு நிற்கும் மட்டத்துக்கு மடித்து ஒட்டுகிறார்கள். மூடி மட்டும் உப்பக்கூடாது. அளவு நாடா உப்பின இடத்தில்தான் போய் நிற்கும்.