பாலியல் நடத்தை குறித்த தன்கூற்றுகளின் நம்பகத்தன்மை: தேசியக் குடும்ப நல ஆய்வு–5ஐ முன்வைத்து

முன்னுரை

பாலியல் நடத்தையை ஆய்வாளர் நேரில் காண இயலாது; கூறுவோரின் சொல்லே சான்றாகிறது. அச்சொல் எவ்வளவு துல்லியமானது என்பதையும், கெலமங்கலம் போன்ற தொழில் வளரும் எல்லைப்பகுதிகளில் களப்பணி செய்வோர் அதனை எவ்வாறு கையாள வேண்டும் என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது.

தரவில் தோன்றும் முரண்

2019–21இல் நிகழ்ந்த தேசியக் குடும்ப நல ஆய்வு–5இன்படி, வாழ்நாள் பாலுறவு இணையரின் சராசரி எண்ணிக்கை இந்திய அளவில் ஆண்களுக்கு 2.1, பெண்களுக்கு 1.7 ஆகும். ஆயினும், தமிழ்நாடு உள்ளிட்ட 11 மாநிலங்களிலும் ஒன்றியப் பகுதிகளிலும் பெண்களின் சராசரியே மிகுதி. இராசத்தானில் பெண்களுக்கு 3.1, ஆண்களுக்கு 1.8. இதே ஆய்வில், முந்தைய 12 மாதங்களில் மண இணையரோ உடன்வாழ்பவரோ அல்லாதாருடன் உறவு கொண்டதாகக் கூறிய ஆண்கள் ஏறத்தாழ 4 விழுக்காட்டினர், பெண்கள் 0.5 விழுக்காட்டினர். ஒரு வினா காட்டும் பாங்கை மற்றொன்று மறுக்கிறது. எனவே, சராசரியை மட்டும் கொண்டு நடத்தையை முடிவுசெய்தல் பொருந்தாது.

பிழையின் வாயில்கள்

ஆண்–பெண் உறவு ஒவ்வொன்றும் இரு தரப்பிலும் எண்ணப்படுவது. ஆகவே இரு பாலாரும் ஒத்த எண்ணிக்கையில் வாழும் மூடிய மக்கள்தொகையில் இரு சராசரிகளும் ஒன்றாதல் வேண்டும். பிரித்தானியாவின் 2010–12 தேசிய ஆய்விலோ ஆண்கள் ஏறத்தாழ 14, பெண்கள் 7 எனக் கூறினர். மிகப்பெரிய எண்களைக் கூறிய சிலர், எண்ணிப் பாராமல் உத்தேசமாகக் கூறும் வழக்கம், பாலியல் குறித்த மனப்பாங்கு ஆகியவற்றைக் கணக்கிற்கொண்டபோது இவ்விடைவெளி பெரிதும் சுருங்கியது. நினைவுப் பிழையும் நாணமும் ஒருங்கே இயங்குதலை இது காட்டுகிறது.

கேட்கும் முறையும் விடையை மாற்றும். தமிழ்நாடு உள்ளிட்ட ஆறு மாநிலங்களில் 2006–08இல் நிகழ்ந்த இளைஞர் ஆய்வில், நேர்காணலின் இறுதியில், மணத்திற்கு முந்தைய உறவு பற்றிய விடையைத் தாளில் குறித்து உறையிலிட்டு ஒட்டித் தரும் வாய்ப்பு அளிக்கப்பட்டது. நேரில் மறுத்தோருள் சிலர் உறையில் ஒப்புக்கொண்டனர்.

கெலமங்கலப் பகுதிக்குப் பொருத்துதல்

ஓசூரை ஒட்டிய இப்பகுதியில் தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகியன வழங்குகின்றன. பிற மாநிலத் தொழிலாளரும் வந்து தங்குகின்றனர். இணையர் வேற்றூரில் இருத்தல் கூடுமாதலின், மேற்கூறிய சமன்பாடு இங்குச் செல்லாது. அறையைப் பலர் பகிரும் விடுதியில் தனிமையும் அரிது. ஆகவே, கூறுவோரின் தாய்மொழியில் வினவுதல், மறைவான விடைமுறை, குறுகிய கால எல்லை ஆகிய மூன்றும் இன்றியமையாதன.

முடிவுரை

இவ்வகைத் தரவில் பதிவாவது நடத்தையன்று. நடத்தை பற்றிய விடையே. சராசரியுடன் இடைநிலை அளவையும் வினவிய முறையையும் சேர்த்து வெளியிடுதல் ஆய்வறமாகும். இல்லையேல் பிழையான எண் ஒரு மக்கட்பிரிவின் மேல் பழியாய் நிலைத்துவிடும்.