பென்ஷனை ஜப்தி பண்ண முடியுமா?

அப்பா ரிட்டயர்டு அரசாங்க கிளார்க். தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய பெர்சனல் லோன், பென்ஷன் வந்த அன்றைக்கே பாதியை விழுங்கிவிடும். இரண்டு தவணை தவறியது. வசூலுக்கு வந்த ஆசாமி, "பென்ஷனையே ஜப்தி பண்ணிடுவோம் பெருசு!" என்று மிரட்டிவிட்டுப் போனான். அப்பா சத்தமில்லாமல் பி.பி. மாத்திரையைப் பாதியாக உடைத்துப் போட ஆரம்பித்தார். சிக்கனமாம்!

வக்கீல் நண்பனிடம் ஓடினேன். சிரித்தான். "வெள்ளைக்காரன் 1871-லயே பென்ஷன் சட்டம் போட்டுட்டான்டா. 11-வது பிரிவு. கடன்காரன் கேட்டான்னு கோர்ட் அரசாங்க பென்ஷனை ஜப்தி பண்ண முடியாது. ஆனா கடன் கடன்தான். தவணைக் காலத்தை நீட்டிக் கேளு. மொத்த வட்டி கூடும், மாசச் சுமை குறையும்."

மனுவை அப்பாவே எழுதினார், மூன்று காப்பி! பாக்கியிருந்த மூன்று வருஷம் ஐந்தானது. அன்று ராத்திரி மாத்திரையை முழுசாகப் போட்டுக்கொண்டார்.