உஷ்ணம் கைமாறும் கலங்கள்

சேயாற்றங்கரை மாகறலும் கடற்கரைக் கல்பாக்கமும் பழைய செங்கற்பட்டு ஜில்லாவில் சேர்ந்திருந்த ஊர்கள். மாகறல் பக்கத்துத் தறிகளில் பாவு நூல்கள் நெருங்கிக் கிடப்பதுபோலவே, கல்பாக்கத்து முன்மாதிரி வேக ஈனுலை என்ற அணு உலைக்கென அமைந்த நீராவிக் கலங்களுக்குள் எஃகுக் குழாய்கள் நெருங்கி நிற்கின்றன. உறை எனப்படும் பெரிய உருளைக்குள் குழாய்களை அடுக்கி, குழாய்க்குள் ஒரு திரவமும் வெளியே மற்றொன்றும் ஓட, இரண்டும் கலவாமலே உஷ்ணம் மாத்திரம் கைமாறும்படி செய்த இவ்வமைப்பை எஞ்சினியர்கள் ‘ஷெல் அண்ட் டியூப்’ வெப்பமாற்றி என்பர்.

ஒரு கலம் எவ்வளவு பெரிதாக இருக்கவேண்டும்? கைமாறவேண்டிய உஷ்ணத்தின் அளவு, இரு திரவங்களுக்கும் இடையிலுள்ள உஷ்ணநிலை வித்தியாசம், உஷ்ணம் குழாய்ச் சுவரைக் கடந்து செல்லும் சுலபம் ஆகிய மூன்றையும் கொண்டே குழாய்ப் பரப்பின் விஸ்தீரணம் நிர்ணயமாகிறது. ஈனுலையின் வெப்ப சக்தியான 1250 மெகாவாட்டை 8 கலங்கள் பகிர்ந்துகொள்வதால், ஒவ்வொன்றின் பங்கு ஏறக்குறைய 156 மெகாவாட். உலையின் உஷ்ணத்தைச் சுமந்துவரும் உருகிய சோடியம் மேலே 525 டிகிரியில் புகுந்து 355 டிகிரிக்குத் தணிந்து இறங்க, கீழே 235 டிகிரியில் குழாய்க்குள் புகும் நீர் 493 டிகிரி நீராவியாக மேலே வெளிப்படுகிறது. ஆகவே வித்தியாசம் மேல்முனையில் 32 டிகிரி, கீழ்முனையில் 120. சாதாரணச் சராசரி 76 ஆனாலும், கணக்குக்கு உதவுவது மடக்கைச் சராசரியான 67 தான். நடுவழியில் நீர் கொதிப்பதால் அதுவும் முதல் மதிப்பீடே, நீளத்தைக் கூறு கூறாகப் பிரித்துக் கணக்கிட்டாலன்றி உண்மை விளங்காது. 17.2 மில்லிமீட்டர் விட்டமும் 23 மீட்டர் நீளமுமுள்ள 547 குழாய்கள் ஒரு கலத்துக்குத் தரும் பரப்பு சுமார் 680 சதுர மீட்டர்.

இக்கலங்களை வகை பிரிப்பதற்கோ, உஷ்ணத்தில் உலோகம் நீள்வதே முக்கிய காரணம். குழாய்களின் இரு முனைகளையும் அசையாத தகடுகளில் பொருத்துவது செலவு குறைந்த முறை. ஆனால் குழாயும் உறையும் வெவ்வேறு அளவில் நீளும்போது இணைப்புகள் இற்றுவிடும். ‘யு’ வடிவில் வளைத்த குழாய் தாராளமாக நீளும். அதன் வளைவைத் துலக்குவது சிரமம். ஒரு முனைத் தகட்டை நகரவிடும் ‘மிதக்கும் தலை’ இரண்டு குறையையும் நீக்கும், விலைதான் அதிகம். அமெரிக்க உற்பத்தியாளர் சங்கமான ‘டெமா’ முன்தலை, உறை, பின்தலை ஒவ்வொன்றுக்கும் ஓர் எழுத்து வைத்து, அசையாத் தகட்டு வகையொன்றை ‘பி.இ.எம்.’ என்றும், மிதக்கும் தலை வகையொன்றை ‘ஏ.இ.எஸ்.’ என்றும் குறிக்கிறது. கல்பாக்கத்துக் கலத்திலோ ஒவ்வொரு குழாயிலும் சிறு வளைவு வைத்தே நீட்சியைச் சமாளித்திருக்கிறார்கள். சோடியமும் நீரும் சந்தித்தால் உக்கிரமான ரசாயன விளைவு நேருமாதலால், 23 மீட்டர் நீளத்திலும் நடுவில் ஓர் ஒட்டுக்கூட இல்லை.

அழுக்கைக் கணக்கில் சேர்க்காதவன் வகுத்த அளவு அளவே அல்ல என்பது என் துணிபு. உறைப்பக்கத் திரவம் சுத்தமானதாயின் குழாய்களை முக்கோணமாக நெருக்கி அடுக்கலாம். அழுக்கேறுமாயின், இடையே துலக்க வழியிருக்கும்படி சதுரமாக அடுக்கவேண்டும். அதே கல்பாக்கத்தில் 1984 முதல் மின்சாரம் தந்துவரும் அணுமின் நிலையம், கடலடியில் 468 மீட்டர் நீண்ட சுரங்கத்தின் வழியே குளிர்விக்கும் நீரைப் பெறுகிறது. அங்கும் இந்த அழுக்குத் தொல்லைதான்: அச்சுரங்கத்தில் பச்சைச் சிப்பிகள் ஒட்டிப் பெருகாமலிருக்கக் கடல்நீரில் குளோரின் கலக்கிறார்கள்.