மறைகாணியே திருடு போனால்

வீட்டு வாசலில் மாட்டிய மறைகாணி (கேமரா) திருடு போனால், இழப்பு அந்தக் கருவியின் விலையோடு நின்றுவிடுவதில்லை. கருவியை நூறு இருநூறு வெள்ளிக்குத் திரும்ப வாங்கிவிடலாம். ஆனால் அதற்குள் இருக்கும் பதிவு அட்டையும், அது நினைவில் வைத்திருக்கும் வைஃபை கடவுச்சொல்லும், சில வகைகளில் செருகியிருக்கும் சிம் கார்டும் சேர்ந்தே வேறொருவர் கைக்குப் போகின்றன. திருடனின் முகத்தைப் பார்த்த ஒரே சாட்சியும் அதுவாகவே இருக்கக்கூடும். அதனால் புதுக் கருவி வாங்குவதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பழைய கருவி கண்டதைக் காப்பாற்றுவதும், அது சுமந்து சென்றதை முடக்குவதுமே அவசர வேலைகள்.

மலேசியாவின் நெகிரி செம்பிலான் தோட்டங்களில் இந்தத் தொல்லைக்குத் தனிக் காரணங்கள் உண்டு. லாபு, ரந்தாவ், சிலியாவ், பகாவ் வட்டாரங்களில் ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. நீலாய், சிரம்பான், செண்டாயான் பக்கம் தோட்ட நிலங்கள் வீடமைப்புப் பகுதிகளாகவும் தொழிற்பேட்டைகளாகவும் மாறின. முன்பெல்லாம் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தில் பகல் முழுவதும் யாராவது ஒரு பாட்டி வாசலில் உட்கார்ந்திருப்பார். புது ஆள் நுழைந்தால் கேள்வி கேட்பார். இப்போது பல வீடுகளில் கணவனும் மனைவியும் விடியும் முன்பே தொழிற்சாலை பஸ் ஏறிவிடுகிறார்கள். பக்கத்து வீடு ஆள் இல்லாமல் பூட்டிக் கிடக்கிறது. அந்த வெற்றிடத்தில்தான் மறைகாணி வந்து நின்றது. கம்பி வழி இணையம் எட்டாத தோட்டங்களில் சூரிய ஒளித் தகடும் சிம் கார்டும் கொண்ட 4ஜி வகையை மாட்டுகிறார்கள். வயர் இழுக்க வேண்டியதில்லை என்பதால் மாட்டுவது சுலபம். அதே காரணத்தால் கழற்றிக்கொண்டு போவதும் சுலபம்.

வீடு திரும்பியவர் கருவி இல்லாததைக் கண்டதும் முதலில் கதவையும் ஜன்னலையும் வெளியே நின்றபடி பார்க்க வேண்டும். பூட்டு உடைந்திருந்தாலோ உள்ளே ஆள் இருப்பதுபோல் தோன்றினாலோ நுழையக் கூடாது. தள்ளி நின்று 999 என்ற எண்ணை அழைக்க வேண்டும். வீட்டுக்குள் போக விரும்புகிறவன் முதலில் கேமராவைக் கழற்றுவது வழக்கம்தான். உள்ளே எதுவும் ஆகவில்லை என்றால், சுவரில் எஞ்சியிருக்கும் தாங்கியையும் அறுந்த வயரையும் தொடாமல் படம் எடுத்துக்கொள்ளலாம். கைரேகை அங்கே இருக்க வாய்ப்புண்டு.

அடுத்த வேலை கைப்பேசியில். மறைகாணியின் பதிவு மூன்று இடங்களில் ஒன்றில் இருக்கும். கருவிக்குள் செருகிய சிறு அட்டையில் மட்டும் இருந்தால், அது பெரும்பாலும் போய்விட்டது என்றே கொள்ள வேண்டும். வீட்டுக்குள் தனிப் பதிவுப் பெட்டி இருந்தால் எல்லாம் பத்திரமாக இருக்கும். மாதக் கட்டணம் செலுத்தி நிறுவனத்தின் இணையக் கிடங்கில் சேமித்தால் கடைசி நொடிவரை கிடைக்கலாம். அட்டை மட்டும் வைத்திருப்பவரும் உடனே கைவிட்டுவிட வேண்டாம். அசைவைக் கண்டதும் செயலி அனுப்பும் அறிவிப்போடு ஒரு சின்னப் படம் சேர்ந்து வருவது உண்டு. கருவியை நோக்கி நீளும் ஒரு கை, ஒரு தொப்பி, பின்னால் நிற்கும் மோட்டார் சைக்கிளின் பாதி எண், இவை அந்தச் சின்னப் படத்திலேயே அகப்படலாம். அறிவிப்பைத் துடைத்துத் தள்ளிவிடாமல் திரையைப் படம் பிடித்து வைக்க வேண்டும். கருவி இணைப்பிலிருந்து எந்த நேரத்தில் அறுந்தது என்பதையும் செயலி காட்டினால் அதையும் பிடித்துக்கொள்ள வேண்டும். திருட்டு நடந்த நிமிடம் ஏறக்குறைய அதுதான்.

கோபத்தில் பலர் செய்யும் ஒரு காரியம், செயலியிலிருந்து அந்தக் கருவியை நீக்கிவிடுவது. அதைச் செய்யவே கூடாது. பல நிறுவனங்களின் கருவிகள் முதல் உரிமையாளரின் கணக்கோடு பிணைக்கப்பட்டவை. அந்தப் பிணைப்பு இருக்கும்வரை வேறொருவர் தன் பெயரில் பதிந்துகொள்ள முடியாது. உரிமையாளரே நீக்கிவிட்டால் திருடனுக்கு வழி திறந்துவிடுகிறது. பழைய பதிவுகளும் அழியக்கூடும். காணொளியை முதலில் இறக்கி, இரண்டு இடங்களில் வைக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் படத்தின் தரம் குறைந்துவிடும். ஆகவே மூலக் கோப்பை வெட்டாமல், எழுத்துச் சேர்க்காமல், ஒரு பென்டிரைவில் அப்படியே போட்டு வைப்பது நல்லது.

4ஜி வகை வைத்திருந்தவர் சிம் கார்டை மறக்கவே கூடாது. மலேசியாவில் முன்கட்டண எண்களும் 2006 முதல் உரிமையாளரின் அடையாள அட்டையில் பதியப்படுகின்றன. மறைகாணிக்குள் இருந்த சிம்மை ஒருவன் தன் கைப்பேசியில் போட்டு ஏமாற்று வேலைக்குப் பயன்படுத்தினால், விசாரணை முதலில் வந்து நிற்பது பதிந்தவரின் வீட்டு வாசலில்தான். சட்டைப் பையில் இருக்கும் கைப்பேசி தொலைந்தால் உடனே எண்ணை முடக்குகிறவர்கள், சுவரில் இருந்த கருவியிலும் ஓர் எண் இருப்பதை நினைப்பதில்லை. திருடப்பட்ட 4ஜி கருவிக்கு மின்சாரம் கிடைத்தால் அது தானாக இணைப்புக்கு வந்து, புதிய இடத்தின் படத்தையே காட்டவும் கூடும். எனவே ஒருமுறை செயலியைத் திறந்து பார்த்து, ஏதும் தெரிந்தால் பிடித்து வைத்துக்கொண்டு, பிறகு தொலைத்தொடர்பு நிறுவனத்தை அழைத்து எண்ணை முடக்கிவிட வேண்டும். நாள் கணக்கில் காத்திருப்பது ஆபத்து.

வைஃபை வகையானால் வீட்டு ரவுட்டரின் கடவுச்சொல்லையும், எந்த வகையானாலும் செயலிக் கணக்கின் கடவுச்சொல்லையும் மாற்ற வேண்டும். இரட்டைச் சரிபார்ப்பு வசதி இருந்தால் அன்றே அதை இயக்கிவிடலாம். காணாமற்போன அட்டையில் குடும்பத்தின் அன்றாட வாழ்க்கையும் இருக்கிறது. பிள்ளைகள் எத்தனை மணிக்குப் பள்ளிக்குப் போகிறார்கள், வீடு எப்போது காலியாகிறது, சாவியை எந்தத் தொட்டிக்கு அடியில் வைக்கிறார்கள் என்பதெல்லாம் அதைப் போட்டுப் பார்ப்பவனுக்குத் தெரிந்துவிடும். சாவி வைக்கும் இடத்தை மாற்றுவதும் பூட்டை மாற்றுவதும் இதனால்தான்.

அடுத்தது போலீஸ் புகார். சிறிய பொருள்தானே என்று விடுபவர்கள் அதிகம். ஆனால் அதே லயத்தில் அடுத்த வாரம் மோட்டார் சைக்கிள் போகும்போது, முன்பே ஒரு புகார் இருந்தால் இரண்டையும் சேர்த்துப் பார்க்க முடியும். மலாயில் எழுதத் தெரியவில்லை என்பதும் தயங்கக் காரணம் ஆகாது. குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107வது பிரிவின்படி வாய்மொழியாகச் சொல்வதைக் காவல் நிலையத்தில் எழுதிக்கொண்டு, புகார்தாரருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். கருவியின் பெட்டியில் ஒட்டியிருக்கும் தொடர் எண், வாங்கிய ரசீது, செயலிப் படங்கள், கடைசியாகக் கருவியைக் கண்ணால் பார்த்த நேரம் ஆகியவற்றைக் கொண்டுபோனால் புகார் வலுவாக இருக்கும். கருவியின் கடிகாரம் சில நிமிடங்கள் முந்தியோ பிந்தியோ ஓடினால் அதையும் சொல்லிவிட வேண்டும். பின்னால் அது குழப்பம் தரும்.

தண்டனைச் சட்டத்தின் 379வது பிரிவில் திருட்டுக்கு 7 ஆண்டுவரை சிறை உண்டு. குடியிருக்கும் கட்டடத்துக்குள் நடந்த திருட்டு என்றால் 380வது பிரிவு 10 ஆண்டுவரை போகிறது. கழற்றாமல் அடித்து உடைத்திருந்தால் 427வது பிரிவு. எது பொருந்தும் என்பதை விசாரணை அதிகாரி முடிவு செய்வார். நான்கு வாரம் கடந்தும் தகவல் இல்லை என்றால், 107அ பிரிவின்கீழ் விசாரணை நிலவரத்தைக் கேட்கப் புகார்தாரருக்கு உரிமை உண்டு. கேட்ட இரண்டு வாரத்துக்குள் பதில் தர வேண்டும். தோட்டத்து மக்களில் பலருக்கு இந்த உரிமை தெரியாமல் இருப்பது வருத்தத்துக்குரியது. காணொளி நீதிமன்றம்வரை போனால், 1950ஆம் ஆண்டு சாட்சியச் சட்டத்தின் 90அ பிரிவு கணினிவழிப் பதிவை ஏற்க இடம் தருகிறது. கருவியை இயக்கிப் பராமரித்தவர் யார் என்பது அங்கே கேட்கப்படும். வீட்டில் ஒருவர் அந்தப் பொறுப்பில் இருப்பது நல்லது.

தோட்டத்தில் வேறு கண்களும் உண்டு. பிரதான வாசலில் ஜாகா என்ற காவலாளி எழுதும் வண்டிப் பதிவேடு இருக்கும். தோட்ட ஆபீஸ், செம்பனைக் குலை லோரிகள் எடை போடும் இடம், மாரியம்மன் கோயில், சாலையோரக் கடை ஆகிய இடங்களிலும் கேமராக்கள் இருக்கலாம். மண் சாலைகள் பல இருந்தாலும் மோட்டார் சைக்கிள் கடைசியில் ஏதோ ஒரு தார்ச்சாலையில் ஏறித்தான் ஆக வேண்டும். ஆனால் இந்தக் கேமராப் பதிவுகள் சில நாட்களிலேயே தாமாக அழிந்து புதியவை ஏறும். போலீஸ் வரும்வரை பொறுக்காமல், அந்தந்தப் பொறுப்பாளரிடம் நேரத்தைச் சொல்லி, "இந்தப் பகுதியை மட்டும் அழியாமல் எடுத்து வையுங்கள் ஐயா" என்று கேட்டுக்கொள்வதே போதும்.

சந்தேகப்படும் ஆளின் படத்தை முகநூலில் போட்டு "இவன்தான்" என்று எழுதுவது வேண்டாம். ஆள் மாறிப்போனால் அவதூறு வழக்கு வரும். ஆள் சரியானால் எச்சரிக்கையாகி ஊரைவிட்டுப் போவான். நாலு பேர் சேர்ந்து போய் அவன் வீட்டுக் கதவைத் தட்டுவது அதைவிட மோசம். பழைய பொருள் விற்கும் பக்கங்களில் அதே கருவி தென்பட்டால், விலை பேசாமல் படம் பிடித்து விசாரணை அதிகாரியிடம் தர வேண்டும். திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்குவது 411வது பிரிவின்கீழ் 5 ஆண்டுவரை சிறைக்குரிய குற்றம்.

லயத்து வீடு நிர்வாகத்துக்குச் சொந்தம் என்பதால், புதுக் கருவிக்குச் சுவரில் துளை போடுமுன் ஆபீஸில் சொல்லிவிடுவது முறை. பழைய உயரத்திலேயே மாட்டுவதில் பயனில்லை. ஆள் கை எட்டாத உயரத்தில், கூரை விளிம்புக்கு உட்பக்கமாக, பலகையில் அல்லாமல் விட்டத்தில் ஊடுருவும் திருகாணியால் பிணைக்க வேண்டும். எதிர் வீட்டாரின் கேமரா இந்த வாசலையும், இந்த வீட்டுக் கேமரா அவர்கள் வாசலையும் பார்க்கும்படி இருவரும் ஒத்துக்கொண்டால், ஒன்றைக் கழற்றுபவனை மற்றொன்று பிடித்துவிடும். பதிவு வீட்டுக்குள் பூட்டிய அலமாரியிலோ இணையக் கிடங்கிலோ சேர வேண்டும். பெட்டியைத் தூக்கிப் போடுமுன் தொடர் எண்ணையும் ரசீதையும் படம் எடுத்து, குடும்பத்தில் இன்னொருவர் கைப்பேசிக்கும் அனுப்பி வைக்க வேண்டும்.