விக்கிரகம் எங்கே இருக்கிறது? கிறிஸ்தவம் எச்சரிக்கும் ஆன்மிக ஆபத்து

'விக்கிரக ஆராதனை' என்ற சொல் எமது ஊர்களில் பெரும்பாலும் அடுத்தவரைச் சுட்டவே பயன்படுகிறது. புதிதாக ஒரு சபையில் சேர்ந்தவர் தனது சைவ உறவினரின் சாமியறையைப் பார்த்து அதைச் சொல்கிறார். புரட்டஸ்தாந்தர் சிலர் கத்தோலிக்க ஆலயத்துச் சுரூபங்களைப் பார்த்துச் சொல்கிறார்கள். கோவில் பிரசாதத்தைக் கையில் வாங்கலாமா, செத்தவீட்டுச் சடங்கின்போது எங்கே நிற்பது, கலியாண வீட்டில் குத்துவிளக்கு ஏற்றலாமா என்ற கேள்விகள் ஒரே குடும்பத்துக்குள் மனக்கசப்பை உண்டாக்குகின்றன.

ஆனால் விவிலியத்தை நிதானமாக வாசிக்கும் ஒருவர், இந்த எச்சரிக்கை முதலில் யாருக்குச் சொல்லப்பட்டது என்பதைக் கவனிக்காமல் இருக்க முடியாது. தாங்கள் இறைவனை அறிந்தவர்கள், அவரால் மீட்கப்பட்டவர்கள் என்று நம்பிய மக்களுக்கே அது சொல்லப்பட்டது. அந்தத் திசையை மறந்துவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கு எமது மண்ணின் வரலாறே சாட்சியாக இருக்கிறது.

கட்டளை எதைத் தடுக்கிறது?

பத்துக் கட்டளைகளில், இறைவனைத் தவிர வேறு தெய்வங்கள் கூடாது என்றும், உருவங்களைச் செய்து அவற்றை வணங்கக் கூடாது என்றும் சொல்லப்படுகிறது. கத்தோலிக்கரும் லூத்தரன் சபையினரும் இவ்விரண்டையும் ஒரே கட்டளையாக எண்ணுகிறார்கள். கிழக்கத்திய மரபுவழித் திருச்சபைகளும் சீர்திருத்தச் சபைகளும் இரண்டாகப் பிரித்து எண்ணுகின்றன. எண்ணிக்கையிலேயே வேறுபாடு தொடங்கிவிடுகிறது.

அதே யாத்திராகமத்தில், சில அதிகாரங்கள் தள்ளி, உடன்படிக்கைப் பெட்டியின் மூடியில் பொன்னால் இரண்டு கெருபீன்களைச் செய்யும்படி மோசேயிடம் இறைவன் சொல்கிறார். ஆகவே உருவம் செய்வது முழுமையாகத் தடுக்கப்பட்டது என்று கொள்ள முடியாது. படைப்பாளருக்கு உரிய இடத்தில் படைக்கப்பட்ட ஒன்றை வைப்பதுதான் குற்றம்.

இந்த எல்லையை எங்கே வகுப்பது என்பதில் கிறிஸ்தவ உலகம் நீண்ட காலம் முரண்பட்டது. பைசாந்தியப் பேரரசில் 8ஆம் நூற்றாண்டில் திருவுருவங்கள் உடைக்கப்பட்டன. கண்ணால் காண முடியாத இறைவன் கிறிஸ்துவில் மனித உடலெடுத்துக் காணப்பட்டார், எனவே அவரை வரையலாம் என்று தமஸ்கு நகர் யோவான் வாதிட்டார். 787இல் கூடிய இரண்டாவது நீசேயா பொதுச்சங்கம் ஒரு முடிவுக்கு வந்தது: திருவுருவங்களுக்குக் கொடுப்பது வணக்கம், அது அந்த உருவம் சுட்டும் ஆளுக்கே போய்ச் சேர்கிறது. ஆராதனை இறைவனுக்கு மட்டுமே உரியது. 16ஆம் நூற்றாண்டின் சீர்திருத்தவாதிகள் பலர் இந்த வேறுபாட்டை ஏற்கவில்லை. சாதாரண மனிதரின் உள்ளத்தில் வணக்கம் எப்போது ஆராதனையாக மாறுகிறது என்பதை யார் கண்டறிவது என்று கேட்டார்கள். இரு தரப்பிலும் நியாயம் இருந்தது.

பொற்கன்றும் வெண்கலப் பாம்பும்

விவிலியம் சொல்லும் இரண்டு சம்பவங்கள் இந்த ஆபத்தின் தன்மையை நன்கு காட்டுகின்றன.

முதலாவது, பொற்கன்று. மலைக்குப் போன மோசே 40 நாட்களாகத் திரும்பவில்லை. பொறுமையிழந்த மக்கள் தமக்கு முன்னே நடந்துசெல்லும் தெய்வம் ஒன்று வேண்டும் என்றார்கள். ஆரோன் அவர்களுடைய காதணிகளை வாங்கிக் கன்றை வார்த்தார். பலர் கவனிக்காத ஒரு செய்தி இங்கே உண்டு. அடுத்த நாள் விழாவை ஆரோன் இஸ்ரவேலின் இறைவனுடைய பெயரிலேயே அறிவித்தார். வேறு மதத்துக்குப் போகிறோம் என்று அந்த மக்கள் நினைக்கவில்லை. பழைய இறைவனையே தமது கைக்கு அடக்கமாக, தமது அவசரத்துக்கு ஏற்ற வடிவில் வைத்துக்கொண்டார்கள். பல தலைமுறைகளுக்குப் பின் யெரொபெயாம் மன்னன் பெத்தேலிலும் தாணிலும் கன்றுகளை நிறுத்தினான். மக்கள் யெருசலேமுக்கு வழிபடப் போனால் ஆட்சி கைநழுவிவிடும் என்ற அச்சமே அவனை அப்படிச் செய்ய வைத்தது.

இரண்டாவது, வெண்கலப் பாம்பு. பாலைவனத்தில் பாம்புக்கடிக்கு ஆளானவர்கள் பார்த்துப் பிழைக்கும்படி இறைவனின் சொற்படியே மோசே செய்தது அது. நூற்றாண்டுகள் கழித்து மக்கள் அதற்கே தூபம் காட்டத் தொடங்கினார்கள். எசேக்கியா மன்னன் அதை உடைத்துப்போட்டான். அது பொய்த் தெய்வத்தின் சிலை அல்ல. உண்மையான அருளின் நினைவுச் சின்னம். ஆனாலும் அது வழிபாட்டுப் பொருளாகிவிட்டது. ஆலயம், சபை, போதகர், மரபு, ஏன் விவிலியப் புத்தகம்கூட இதே வழியில் விக்கிரகமாகலாம் என்பதே இதன் பாடம்.

வணங்குகிறவருக்கு என்ன நேர்கிறது?

விக்கிரக ஆராதனையின் தண்டனையாக வானிலிருந்து இடி விழும் என்று எண்ணுவோர் உண்டு. திருப்பாடல்கள் சொல்லும் விளைவு அதைவிட நுட்பமானது. பார்வையும் செவியும் அற்றதை நம்பியிருப்பவர் காலப்போக்கில் அதைப் போலவே ஆகிவிடுவார் என்கிறது 115ஆம் பாடல். அதாவது, எதிரே நிற்கும் மனிதர் அவர் கண்ணுக்குத் தெரியாமல் போகிறார். அழுகை அவர் காதில் விழாமல் போகிறது. மனிதர் எதை வணங்குகிறாரோ அதன் சாயலைப் பெறுகிறார்.

இதன் அடுத்த கட்டம் பலி. யெருசலேமுக்கு வெளியே இன்னோம் பள்ளத்தாக்கில் பெற்றோர் தமது பிள்ளைகளையே நெருப்புக்குக் கொடுத்ததை எரேமியா இறைவாக்கினர் கண்டித்தார். விக்கிரகம் முதலில் பாதுகாப்புத் தருவதாகச் சொல்கிறது. பிறகு கேட்கத் தொடங்குகிறது. அது கேட்பதை நிறுத்துவதில்லை. கடைசியில் அது கேட்பது பெரும்பாலும் பலவீனமானவர்களின் உயிரையே.

புதிய ஏற்பாட்டில் பவுல் இதை இன்னும் கூர்மையாக்குகிறார். கொலோசெயருக்கு எழுதிய கடிதத்தில் பேராசையே விக்கிரக ஆராதனைதான் என்கிறார். அத்துடன் சிலை இல்லாத வீட்டுக்குள்ளும் இந்தச் சொல் நுழைந்துவிடுகிறது.

எமது மண்ணில் உடைத்தவர்கள்

யாழ்ப்பாண இராச்சியத்தைக் கைப்பற்றிய போர்த்துக்கேயர் 1620களில் நல்லூர்க் கந்தசுவாமி கோவிலையும் திருக்கோணேச்சரத்தையும் இடித்தார்கள். விக்கிரக ஆராதனையை ஒழிக்கிறோம் என்றே அவர்கள் நம்பினார்கள். கோணேச்சரத்தின் கற்கள் திருகோணமலைக் கோட்டைக்குப் பயன்பட்டன. விரத நாட்களில் வாழையிலையில் உண்டு, அந்த இலையைக் கூரையில் செருகி மறைத்த சைவர்களைப் பற்றிய கர்ணபரம்பரைக் கதை யாழ்ப்பாணத்தில் இன்றும் சொல்லப்படுகிறது.

1658இல் யாழ்ப்பாணம் ஒல்லாந்தர் வசமானது. இப்போது அதே சொல் கத்தோலிக்கர் மீது திரும்பியது. ஆலயங்கள் பறிக்கப்பட்டன. கத்தோலிக்கக் குருமாருக்கு அடைக்கலம் கொடுப்பது குற்றமானது. மாந்தையிலிருந்த மாதா சுரூபத்தை மக்கள் காட்டுக்குள் கொண்டுசென்று காத்ததாகவும், அதுவே இன்றைய மடுத் திருத்தலத்தில் இருப்பதாகவும் மரபு கூறுகிறது. மறைந்து வாழ்ந்த இந்தக் கத்தோலிக்கரைத் தேடித்தான் 1687இல் கோவாவிலிருந்து யோசவ் வாஸ் அடிகளார் வந்தார்.

யாழ்ப்பாணத்தில் பணியாற்றிய ஒல்லாந்தப் போதகர் பிலிப்பஸ் பால்டேயஸ் 1672இல் வெளியிட்ட நூலில், கீழைத்தேச மக்களின் விக்கிரக ஆராதனையை மறுப்பதற்கென்றே ஒரு பகுதியை ஒதுக்கினார். ஆனால் அவரை இங்கே அனுப்பிய ஒல்லாந்துக் கிழக்கிந்தியக் கம்பனி எதை வணங்கியது? கறுவா, யானை, மன்னார் முத்து ஆகியவற்றின் இலாபத்துக்காக அது போர் செய்தது. 1659 முதல் 1661 வரை, போராலும் பஞ்சத்தாலும் நொந்துபோன தஞ்சைப் பகுதி மக்களை அடிமைகளாக வாங்கி இலங்கைக்கு ஏற்றி வந்தது. கல் உருவங்களைக் கண்டு கொதித்த கண்களுக்கு இந்த மனிதர்கள் தெரியவில்லை. திருப்பாடல் சொன்ன குருட்டுத்தன்மை இதுதான்.

விளைவையும் பார்க்கலாம். அரச உத்தியோகத்துக்கும் திருமணப் பதிவுக்கும் திருமுழுக்குத் தேவைப்பட்டதால் ஆயிரக்கணக்கானோர் பதிவேட்டில் கிறிஸ்தவர் ஆனார்கள். ஆங்கிலேயர் காலத்தில் அந்த நிர்ப்பந்தம் நீங்கியதும் அவர்களில் பெரும்பாலோர் தமது பழைய சமயத்துக்குத் திரும்பிவிட்டார்கள். உடைத்தல் யாரையும் மனம் மாற்றவில்லை.

இனம் தெய்வமானபோது

சிலையே இல்லாத இடத்திலும் விக்கிரகம் எழ முடியும் என்பதற்கு 20ஆம் நூற்றாண்டின் பெரிய உதாரணம் ஜேர்மனி. சீர்திருத்தத்தின் தாயகமான அந்நாட்டில் 'ஜேர்மன் கிறிஸ்தவர்கள்' என்ற இயக்கம், இரத்தத்தையும் இனத்தையும் தலைவனையும் நற்செய்தியோடு கலந்தது. ஆலயங்களில் சுவஸ்திகாக் கொடிகள் ஏறின. 1933 ஜூலையில் நடந்த திருச்சபைத் தேர்தலில் அந்த இயக்கமே வென்றது. யூத வம்சாவளியினரைத் திருச்சபைப் பணியிலிருந்து நீக்கும் விதி அதே ஆண்டு பிரஷ்யத் திருச்சபையில் நிறைவேறியது.

ஹிட்லர் பதவியேற்று இரண்டு நாட்களில், 1933 பெப்ரவரி 1ஆம் திகதி, டீட்ரிக் பொன்ஹோஃபர் என்ற இளம் இறையியலாளர் பேர்லின் வானொலியில் பேசினார். தன்னை விக்கிரகமாக்க இடம்கொடுக்கும் தலைவன் மக்களை வழிதவறச் செய்பவனாக மாறுவான் என்பது அவரது கருத்து. உரை முடியுமுன் ஒலிபரப்பு துண்டிக்கப்பட்டது. 1945 ஏப்ரல் 9ஆம் திகதி ஃப்ளொசன்பேர்க் முகாமில் அவர் தூக்கிலிடப்பட்டார். 1934 மே மாதம் பார்மன் நகரில் கூடியவர்கள், திருச்சபை செவிகொடுக்க வேண்டியது கிறிஸ்துவுக்கு மட்டுமே என்று அறிவித்தார்கள். துணிச்சலான அந்த அறிக்கையிலும் யூதர்களைப் பற்றி ஒரு சொல் இல்லை. அதை எழுதுவதில் முதன்மையானவரான கார்ல் பார்த் பிற்காலத்தில் அதற்காக வருந்தினார். விக்கிரகத்தை எதிர்த்தவர்களின் பார்வையையும் அது பாதி மறைத்திருந்தது.

இனத்தின் பெயராலும் மதத்தின் பெயராலும் இவ்வளவு இரத்தம் சிந்தப்பட்ட எமது தீவில் இந்தப் பாடத்துக்கு மேலதிக விளக்கம் தேவையில்லை. மொழியை நேசிப்பதும் மண்ணை நேசிப்பதும் நல்லவை. கேள்வி கேட்க முடியாத, எவரையும் பலிகேட்கக்கூடிய இடத்தில் அவற்றை வைக்கும்போது அவை பொற்கன்றாகின்றன.

வீட்டுக்குள் இருக்கும் விக்கிரகங்கள்

இதைச் சிறிய அளவிலும் காணலாம். பரீட்சைப் பெறுபேறு ஒரு பிள்ளையின் உயிரைவிடப் பெரிதாகும் வீடு. சீதனத் தொகையால் மருமகளை அளக்கும் குடும்பம். சாதியைக் கேட்ட பின்பே சம்பந்தம் பேசும் கிறிஸ்தவர். வீசாவும் வீடும் வேண்டுமானால் காணிக்கையைக் கூட்டிக் கொடுங்கள் என்று சொல்லும் செபக்கூட்டம். கடைசியாகச் சொன்னது மிக ஆபத்தானது. ஏனெனில் அங்கே இறைவனின் பெயரிலேயே பணம் வணங்கப்படுகிறது. ஆரோனின் விழாவும் அப்படித்தான் இருந்தது.

எது எமது விக்கிரகம் என்று அறிய மூன்று கேள்விகள் உதவும். எதை இழந்தால் வாழ்வே முடிந்துவிட்டது என்று நினைக்கிறோம்? எதைப் பற்றிக் கேள்வி கேட்டால் எமக்கு உடனே கோபம் வருகிறது? அதற்காக யாரைப் பலிகொடுக்கத் தயாராக இருக்கிறோம்?

அயலவரோடு எப்படி?

அப்படியானால் கிறிஸ்தவம் எல்லா வழிபாடும் ஒன்றுதான் என்று சொல்கிறதா? இல்லை. இறைவன் ஒருவரையே ஆராதிக்க வேண்டும் என்பதில் அது விட்டுக்கொடுப்பதில்லை. உருவத்தில் இறைவனை எழுந்தருளச் செய்து வழிபடுகிறோம், கல்லை வழிபடவில்லை என்பது சைவர் தரும் விளக்கம். கிறிஸ்தவர் அதை ஏற்காமல் இருக்கலாம். ஆனால் அறியாமல் பேசுவது நேர்மையல்ல.

கொரிந்தியருக்குப் பவுல் தந்த அறிவுரை இங்கே நடைமுறைக்கு உதவும். பிற தெய்வ வழிபாட்டில் பங்குகொள்ள வேண்டாம் என்றார். அதே கடிதத்தில், சந்தையில் விற்கும் இறைச்சியைத் துருவி விசாரிக்காமல் வாங்கலாம் என்றும், நம்பிக்கையற்றவர் விருந்துக்கு அழைத்தால் போய் வைத்ததை உண்ணலாம் என்றும் சொன்னார். அந்த உணவு படைக்கப்பட்டது என்று எவராவது சுட்டிக்காட்டினால், அவருடைய மனச்சாட்சிக்காக மட்டும் தவிர்க்கச் சொன்னார். எபேசு நகரில் ஆர்த்தமி தேவியின் பெயரால் கலவரம் மூண்டபோது, இவர்கள் கோவிலைக் கொள்ளையிடவுமில்லை, எங்கள் தேவியை நிந்திக்கவுமில்லை என்று பவுலின் தோழர்களுக்காகச் சாட்சி சொன்னவர் அந்த நகரத்தின் அதிகாரி. அவர் கிறிஸ்தவர் அல்ல.

அயல்வீட்டுச் சைவரோ பௌத்தரோ இஸ்லாமியரோ எம்மைப் பற்றி அப்படி ஒரு சாட்சியை இன்று சொல்வாரா என்பது ஒவ்வொரு கிறிஸ்தவரும் கேட்க வேண்டிய கேள்வி. எசேக்கியா உடைத்தது பக்கத்து நாட்டுக் கோவிலை அல்ல. தன் மக்கள் தூபம் காட்டிய, தன் முன்னோர் விட்டுச்சென்ற பாம்பைத்தான் அவன் உடைத்தான்.