மிதந்தா ஃபெயில்... மூழ்கினா பாஸ்!

எங்க காலேஜ்ல என்.எஸ்.எஸ். நடத்தின ரத்ததான முகாம். பேர் கொடுத்தாச்சு, வெயிட் பார்த்தாச்சு (47 கிலோ, நம்புங்கப்பா!), ரத்தம் கொடுத்ததும் கிடைக்கப்போற மாம்பழ ஜூஸையும் மனசுக்குள்ள குடிச்சாச்சு. கடைசியா, நீலக் கலர் தண்ணி இருந்த ஒரு கிளாஸ் முன்னாடி உட்கார வெச்சாங்க. லேப் டெக்னீஷியன் அண்ணா விரல்ல சுருக்குனு ஒரு குத்து குத்தி, ஒரே ஒரு சொட்டு ரத்தத்தை அந்த நீலத்துல விட்டார். சொட்டு கொஞ்சம் உள்ளே இறங்குச்சு. அப்புறம் என்ன நினைச்சுதோ, திரும்பி மேலே வந்து மிதக்க ஆரம்பிச்சிடுச்சு.

''ஹீமோகுளோபின் கம்மியா இருக்கும்மா. அடுத்த தடவை பார்க்கலாம்!''

வரிசையில பின்னாடி நின்ன எங்க கிளாஸ் பசங்க, ''என்ன மேடம், அரியரா?''னு கேட்டானுங்க. அந்த மிதப்புக்கு அர்த்தம் தேடிப் போனதுதான் இந்தக் கட்டுரை.

அந்த நீலத் தண்ணி காப்பர் சல்ஃபேட் கரைசல். நம்ம ஊர்ல மயில்துத்தம்னு சொல்வாங்களே, அதேதான்! அதோட ஒப்படர்த்தியை 1.053-னு கச்சிதமா செட் பண்ணி வெச்சிருப்பாங்க. 100 மில்லி ரத்தத்துல 12.5 கிராமுக்குக் குறையாம ஹீமோகுளோபின் இருந்தா, சொட்டு கனமா இருக்கும், 15 விநாடிக்குள்ள அடியில போய் உட்கார்ந்துடும். கம்மின்னா மிதக்கும். ஃப்ளூயிட் மெக்கானிக்ஸ்ல ரெண்டு மார்க் கேள்வி! ஆர்க்கிமிடீஸ் என்னையே ஃபெயிலாக்குவார்னு நான் எதிர்பார்க்கலை.

நீங்களும் என்னை மாதிரி பத்தாங்கிளாஸோட பயாலஜிக்கு டாட்டா காட்டின ஆளா? அப்போ பக்கத்துல வாங்க. உங்க உடம்புல ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருக்குனு 2016-ல வெளியான ஒரு கணக்கு சொல்லுது. அதுல 100-க்கு 84 எது தெரியுமா? மூளை இல்லை, தசை இல்லை, ரத்தச் சிவப்பணு! எண்ணிக்கையில பார்த்தா நாமெல்லாம் நடமாடுற சிவப்பணு மூட்டைங்க.

இதுக்கு ஃபேக்டரி எலும்புக்குள்ள. இடுப்பெலும்பு, நெஞ்செலும்பு, விலா, முதுகெலும்பு... இதுக்குள்ள இருக்கிற சிவப்பு மஜ்ஜையில ராத்திரி பகலா ஷிஃப்ட் ஓடுது. ஒரு சிவப்பணுவோட ஆயுசு சுமார் 120 நாள். கால்குலேட்டர் எடுங்க. 25 லட்சம் கோடி செல், 120 நாள்ல மொத்தமா மாறணும்னா, விநாடிக்கு சுமார் 24 லட்சம் புது செல் வேணும். இந்த வரியைப் படிச்சு முடிக்கிறதுக்குள்ள ஒரு கோடிக்கு மேல உற்பத்தி! ஆர்டர் போடுறது யார்? கிட்னி. ஆக்சிஜன் கம்மியாகுதுனு தெரிஞ்சதும் 'எரித்ரோபாய்டின்'னு ஒரு ஹார்மோனை அனுப்பி, ''இன்னும் கொஞ்சம் செய்யுங்கப்பா''னு மஜ்ஜையைத் தட்டி எழுப்பும்.

இந்த செல்லோட டிசைன்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஸ்கூல்ல ஒரு செல்லுக்குப் படம் வரைஞ்சா நடுவுல உட்கரு, பக்கத்துல மைட்டோகாண்ட்ரியானு பாகம் குறிப்போம்ல? சிவப்பணு ரெண்டையும் தூக்கிப் போட்டுடுது! முதிர்ச்சி அடையும்போது உட்கருவை வெளியே தள்ளிடும், அப்புறம் மைட்டோகாண்ட்ரியாவும் காலி. கிடைச்ச இடம் பூரா ஹீமோகுளோபினுக்கு. ஒரு செல்லுக்குள்ள சுமார் 27 கோடி ஹீமோகுளோபின் மூலக்கூறு, ஒவ்வொண்ணுலயும் நாலு இரும்பு அணு, ஒரு இரும்புக்கு ஒரு ஆக்சிஜன் மூலக்கூறு. மைட்டோகாண்ட்ரியா இல்லாததால, தான் சுமக்கிற ஆக்சிஜன்ல ஒரு துளியைக்கூட இது செலவு பண்றதில்லை. கல்யாணப் பந்தியில பரிமாறிட்டே இருக்கிற சித்தப்பா மாதிரி, தனக்கு வெறும் குளுக்கோஸை வெச்சே சமாளிச்சுக்குது!

உட்கரு இல்லேன்னா ரிப்பேர் கிடையாது. புது புரோட்டீன் செய்ய முடியாது. ரெஸ்ட்ல இருக்கும்போது ஒரு ரவுண்டுக்கு சுமார் ஒரு நிமிஷம்னு வெச்சாலும், 120 நாள்ல ஒரு லட்சத்து எழுபதாயிரம் ரவுண்டு. தேயாம என்ன செய்யும்? இதுக்குத்தான் இடது பக்க விலாவுக்கு உள்ளே, வயித்துக்குப் பின்னாடி மண்ணீரல் உட்கார்ந்திருக்கு. காலேஜ் பஸ்ஸுக்கு எஃப்.சி. பார்ப்பாங்களே, அந்த மாதிரி. செல்லைவிடப் பல மடங்கு குறுகலான இடுக்கு வழியா ஒவ்வொரு சிவப்பணுவும் நெளிஞ்சு வெளியே வரணும். வளையத் தெரிஞ்ச இளசு தப்பிச்சுடும். விறைச்சுப்போன கிழத்தை, அங்கே காத்திருக்கிற மேக்ரோஃபேஜ் செல்கள் விழுங்கிடும். பைக்ல விழுந்தா தோல்ல நீலமா கன்னிப்போய், அப்புறம் பச்சையா, மஞ்சளா மாறுதே... அது உங்க ஹீமோகுளோபின் உடைக்கப்படுற கலர் சினிமாதான்.

ஆனா, உடைக்கிற இடத்துல இரும்பை மட்டும் வீணாக்க மாட்டாங்க. ஒவ்வொரு நாளும் புது செல்லுக்குத் தேவை 20, 25 மில்லிகிராம் இரும்பு. அதுல பெரும் பங்கு பழைய செல்லை உடைச்சு எடுத்ததுதான். சாப்பாட்டுல இருந்து உடம்பு உறிஞ்சுறது ஒரு நாளைக்கு வெறும் 1, 2 மில்லிகிராம். அந்தச் சின்ன வரவுலதான் நம்ம பொண்ணுங்க கணக்கு உதைக்குது. மாசாமாசம் ரத்தத்தோட இரும்பும் வெளியே போகுது. வரவைவிடச் செலவு ஜாஸ்தின்னா, முதல்ல சேமிப்பு காலி. அப்புறம் மஜ்ஜை, பாதி நிரம்பின வண்டிகளை ரோட்டுல விடும். சின்னதா, வெளிறிப்போன சிவப்பணுக்கள்!

முகாம்ல நடந்தது மேலோட்டமான டெஸ்ட்தானேனு, லேப்ல முழு ரத்தப் பரிசோதனை பண்ணினேன். ஹீமோகுளோபின் 9.4. என் வயசுப் பொண்ணுக்கு 12-க்குக் கீழே போனாலே ரத்தசோகை. செல்லோட சராசரி சைஸ் 80-ல இருந்து 100-க்குள்ள இருக்கணும், எனக்கு 68.

திண்டுக்கல்ல நர்ஸா இருக்கிற அத்தைக்கு போன் போட்டேன்.

''மாடிப்படி ஏறினா மூச்சு வாங்குதாடி?''

''மூணாவது மாடி கிளாஸ் அத்தை, எல்லாருக்கும்தான் வாங்கும்.''

''பச்சரிசி திங்கத் தோணுதா?''

எனக்குத் தூக்கிவாரிப்போட்டுச்சு. ஹாஸ்டல்ல ஐஸ் கட்டியைக் கடிச்சுத் தின்னுட்டு இருக்கிறது நான்தான்! பச்சரிசி, பல்பம், ஐஸ்னு கண்டதைத் தின்னத் தோணுறது இரும்புக் குறையோட அறிகுறியா இருக்கலாமாம். ''ஸ்கூல்ல வாரம் ஒரு நீல மாத்திரை கொடுத்தாங்களே, முழுங்கினியா?''ன்னாங்க அத்தை. நான் பதிலே சொல்லலை. நாக்குக்கு அடியில வெச்சிருந்துட்டு, ஜன்னல் வழியா துப்பினதைச் சொல்லவா முடியும்? எங்க ஸ்கூல் வேப்பமரத்துக்குத்தான் ரத்தசோகை வந்திருக்காது.

நான் ஒருத்தி மட்டும் இல்லைங்க. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்புல, 15 முதல் 49 வயசுப் பெண்கள்ல 100-க்கு 57 பேருக்கு ரத்தசோகை. தமிழ்நாட்டுல 53. பசங்களே, சிரிக்காதீங்க. அதே சர்வேயில நாலு ஆண்கள்ல ஒருத்தருக்கும் இருக்கு!

டாக்டர் ஃபெரிட்டின் டெஸ்ட்டும் பார்த்துட்டுத்தான் மாத்திரை எழுதினார். ஏன்னா, தலசீமியா மாதிரி பரம்பரைக் காரணத்தாலயும் செல் சின்னதாகலாம். அப்போ இரும்பை அள்ளிப் போட்டா வேலைக்கு ஆகாது. அதனால மெடிக்கல் ஷாப்ல நீங்களே கேட்டு வாங்கி முழுங்காதீங்க. மாத்திரையால வயித்துல கொஞ்சம் ரகளை, காலையில பாத்ரூம்ல கறுப்புக் கலர் அதிர்ச்சி... முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டா பயப்பட மாட்டீங்க.

மெஸ்ல சாப்பிட்ட கையோட டீ குடிக்கிறதை நிறுத்திட்டேன். டீயும் காபியும் இரும்பை உடம்புல சேர விடாம தடுக்கும். எலுமிச்சையும் நெல்லிக்காயும் கீரையில இருக்கிற இரும்பு உள்ளே போக உதவும். லீவுக்கு ஊருக்குப் போனா பாட்டி சுவரொட்டி வறுத்து வெச்சிருந்தாங்க. வயசுக்கு வந்த பொண்ணுங்களுக்கு ரத்தம் ஊறும்னு கொடுப்பாங்களே, அதேதான். சுவரொட்டின்னா ஆட்டோட மண்ணீரல். பழைய சிவப்பணுவை உடைச்சு இரும்பைச் சேர்த்து வைக்கிற அதே குடோன்! ''பாட்டி, உங்களுக்கு செல் பயாலஜி தெரியுமா?''னு கேட்டேன். ''செல்லு அங்க சார்ஜ்ல கிடக்கு, முதல்ல சாப்பிடு''ன்னாங்க.

ரெண்டு மாசம் ஆச்சு. போன வாரம் ரிசல்ட் வந்துச்சு: 12.1. ஐஸ் ஆசை போயிடுச்சு. நம்பர் சரியானாலும் சேமிப்பு நிரம்ப இன்னும் மூணு மாசம் மாத்திரை போடணுமாம். நீலக் கிளாஸ்ல மூழ்க எனக்கு இன்னும் 0.4 பாக்கி. உங்க நம்பர் என்ன?