மாணவர் துவக்கும் மறைந்த தோட்டாவும்

துவக்கொன்று செவ்வையாகப் பேணப்படின் நூறு ஆண்டுகட்கு மேலும் பழுதின்றி இருக்கும். ஆனால் அதற்குரிய தோட்டாவைச் செய்யும் தொழிற்சாலைகள் அத்தொழிலை நிறுத்திவிடுமாயின் அது வெறும் இரும்புக் கோலாகிவிடுகின்றது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வழங்கிய சிறுதுளைத் துவக்குகள் பலவற்றுக்கு இக்கதியே நேர்ந்தது. அவற்றுள், பள்ளி மாணவரின் கைக்கென்றே அளவாகச் செய்யப்பட்ட ஒன்றன் வரலாற்றையும், அதற்கு இன்று கையால் தோட்டா அமைப்போர் செய்யும் வேலையையும் ஈண்டு விளக்கக் கருதுகின்றேன். மாணவர் படையிற் பயின்ற பழைய மாணவர் பலர் இம்மலரைப் படிப்பராதலின் இப்பொருள் அவர்க்குப் புறம்பானதன்று. துப்பாக்கி, துவக்கு என்னும் சொற்களே துருக்கிய மொழிவழி வந்தன என்பர் அகராதி நூலார். ஆதலின் இங்கே வேறு சில பிறமொழிச் சொற்கள் தலைகாட்டுவது கண்டு தமிழன்பர் முனியாதிருப்பாராக.

பிரித்தானியப் படை 1871ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட மாட்டினி-ஹென்றி என்னும் றைபிள் 0.45 அங்குலக் குண்டை எறிவது. சுடுவோன் தோளை அது பின்னோக்கி உதைக்கும் உதை வளர்ந்த வீரரையும் வருத்தியது. பதினான்கு வயதுச் சிறுவனிடம் அதனைக் கொடுத்துக் குறிபார்க்கக் கற்பித்தல் இயலாது. எனவே, அதன் பொறியமைப்பை அடியொற்றிச் சிறிய உருவில் ஒரு றைபிள் எழுந்தது. அதன் தோட்டாவைப் பேர்மிங்காம் நகரத்துத் துவக்குத் தொழிலாளராகிய கிறீனர் 1900ஆம் ஆண்டில் வெளியிட்டார். 310 கடேற் என்பது அதன் பெயர். அதன் ஈயக்குண்டு 120 கிறெயின், அதாவது ஏறக்குறைய 7.8 கிராம் நிறை. வேகம் செக்கனுக்கு ஏறத்தாழ 1200 அடி. உதை மிகச் சிறிது.

பொறியோ வியக்கத்தக்கது. பிடியின்கீழ் உள்ள நெம்பை இறக்கினால் உள்ளிருக்கும் அடிக்கட்டை தாழ்ந்து குழலின் வாயைத் திறக்கும். தோட்டாவை இட்டு நெம்பை உயர்த்தினால் மூடும். ஒருமுறை ஒரு தோட்டாவே. இதன் மூலக் கருத்து 1862இல் அமெரிக்கரான பீபொடி என்பாருடையது; அதனைத் திருத்தியவர் சுவிற்சலாந்தில் வாழ்ந்த மாட்டினி. பெல்சியத்து லியேஜ் நகரத்துப் பிறாங்கொற் என்பார் உட்பொறி முழுவதும் ஒரே தொகுதியாகக் கழன்று வருமாறு செய்தார். துடைத்து எண்ணெயிடுவதற்கு இதனிலும் எளிய ஏற்பாடு வேண்டா. மாணவர் கைக்குக் கொடுக்கும் கருவிக்கு இதுவே முதற்றகுதி என்பது என் கருத்து.

அவுஸ்திரேலியாவில் 1911ஆம் ஆண்டிலே சிறுவர்க்குக் கட்டாயப் படைப்பயிற்சி தொடங்கியது; 14 முதல் 18 வயது வரையினர் மூத்த மாணவர் படையினர் எனப்பட்டனர். அந்நாட்டு மாணவர் படைகளுக்கெனக் கிறீனரும் பீ.எஸ்.ஏ. நிறுவனத்தாரும் இத்துவக்குகளைப் பல்லாயிரக்கணக்கிற் செய்து அனுப்பினர். பலவற்றின் பக்கத்தில் ஒரு கங்காரு முத்திரை பொறிக்கப்பட்டிருக்கும். அக்கட்டாயப் பயிற்சி 1929இல் ஒழிந்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின்னர் இத்துவக்குகள் அரசினரால் விற்கப்பட்டன. அமெரிக்காவுக்குச் சென்றனவும் பல. விலை மலிவு, பொறியோ உறுதியானது, ஆனால் தோட்டா கிடைத்தல் அரிதாயிற்று. ஆகவே வாங்கியோருட் பலர் குழலைக் கழற்றி எறிந்துவிட்டு, வேறு தோட்டாவுக்குரிய புதுக்குழலைப் பூட்டினர்.

அவ்வாறு உட்புகுந்தவற்றுள் ஒன்று 22 ஹோர்னெற். குளவி என்பது அதன் பொருள். அதன் பிறப்பு வரலாறு சுவையானது. 1885இல் தோன்றிப் பின் மங்கிப்போன ஒரு சிறு வின்செஸ்ரர் தோட்டாவை, 1920ஆம் ஆண்டுகளில் அமெரிக்க ஸ்பிறிங்பீல்ட் படைக்கலச் சாலையைச் சார்ந்த வீலன் முதலிய அன்பர்கள் எடுத்து, புகையற்ற மருந்தும் செப்புறைக் குண்டும் இட்டுச் சோதித்தனர். அச்சோதனையின் பயனே ஹோர்னெற். 1930இல் அதனைத் தொழிற்சாலை விற்கத் தொடங்கியபோது அதற்கென்று தொழிற்சாலையிற் செய்த துவக்குக்கூட இருக்கவில்லை. கையால் தோட்டா அமைப்போர் மீட்ட பழந்தோட்டாவொன்று, பின்னாளில் இன்னொரு பழந்தோட்டாவின் இடத்தைப் பிடித்துக்கொண்டது!

இனி, குழல் மாற்றப்படாத துவக்கை வைத்திருப்போர் செய்வதைக் காண்போம். தோட்டாவுக்கு உறுப்புக்கள் நான்கு: பித்தளைக் கோது, அதன் அடியிற் பதிக்கும் பிறைமர் என்னும் சிறு பொறிக்கிண்ணம், மருந்து, குண்டு. ஒருமுறை சுட்டபின் கோது எஞ்சுகின்றது. ஏனைய மூன்றையும் புதிதாக இட்டு அதனை மீண்டும் பயன்படுத்தலாம். ஆயின் 310 கடேற்றுக்கோ கோது கிடைப்பதே அரிது. 1882இல் வெளிவந்த 32-20 என்னும் அமெரிக்கத் தோட்டாவின் கோது அதற்கு நெருங்கிய உறவினது போன்றது. ஆனால் நீளம் கூடியது, அடிவிளிம்பும் தடித்தது. தடித்த விளிம்போடு இட்டால் அடிக்கட்டை மூடாது. எனவே வாய்ப்புறத்தை நறுக்கிக் குறுக்கி, விளிம்பைக் கடைசல் யந்திரத்தில் மெலியச் செய்வர். விளிம்பின் முன்முகத்தையே கடைய வேண்டும். பின்முகத்தைக் கடைந்தால் பிறைமரின் குழி ஆழங்குறைந்து, அக்கிண்ணம் வெளியே துருத்தி நிற்கும். மூடும்போதே அது வெடித்தலும் கூடும்.

குண்டின் வடிவமே பெருஞ்சிக்கல். இக்காலத் தோட்டாக்களிற் குண்டு கோதின் உள்ளே அடங்கும். இதிலோ குண்டின் உடல் கோதின் வெளிப்புற அளவினது. அதன் அடியில் மட்டும் மெலிந்த குதிபோன்ற பகுதியொன்று கோதினுட் புகும். இருபத்திரண்டு எனப்படும் சிறு றைபிளின் தோட்டாவைக் கண்டோர் இவ்வமைப்பை அறிவர். இவ்வேறுபாட்டை உணராது, கடையிற் கிடைக்கும் 32 அளவுக் குண்டை இட்டுச் சுடுவோர் ஏமாறுவர். அது குழலின் திருகுபள்ளங்களை முற்றப் பற்றாது. சுழற்சி பெறாத குண்டு காற்றிற் புரண்டு செல்லும். அன்றியும் இப்பழங்குழல்கள் ஒன்றுபோல் ஒன்று அளவுடையன அல்ல. ஆதலால் மெல்லிய ஈயத்துண்டொன்றைக் குழலினூடே கோலால் மெல்லத் தட்டிச் செலுத்தி, வெளிவந்த துண்டை நுண்ணளவுமானியால் அளந்து, அவ்வளவுக்கேற்ற அச்சில் ஈயமும் சிறிது வெள்ளீயமும் கலந்து வார்ப்பர். வெளியே தோன்றும் வரைகளிலே தேன்மெழுகுங் கொழுப்புஞ் சேர்ந்த மசகு பூசப்படும்.

மருந்திடுதலிலே உயிராபத்து உண்டு. புகையற்ற மருந்து சிறிதளவே வேண்டப்படுவது. கோதில் வெற்றிடம் மிகும். கவனம் பிசகி இருமுறை இட்டாலும் நிரம்பி வழியாது. அவ்வாறு இட்ட ஒரு தோட்டா துவக்கையும், பிடித்தவன் கையையுஞ் சிதைக்கும். ஆதலின் கிறெயினிற் பத்திலொரு பங்கு வரை தராசில் நிறுத்து இட்டு, எல்லாக் கோதுகளையும் வரிசையாக நிறுத்தி, குண்டைப் பதிக்குமுன் விளக்கொளியில் ஒவ்வொன்றினுள்ளும் பார்ப்பர். அளவுகளையும் மருந்து செய்வோர் வெளியிட்ட அட்டவணையினின்றே கொள்வர். செவிவழிச் செய்தியை நம்பார். நம் நாட்டிலே துவக்கும் வெடிமருந்தும் அனுமதிப்பத்திரத்துக்கு உட்பட்டவை. ஆதலால் இதனை வாசிக்கும் மாணவர் எவரும் வீட்டிற் சோதிக்க எண்ணுதல் கூடாது.

பலமுறை சுட்ட கோதின் வாய் இறுகிப் பிளக்கும். கன்னார் பித்தளைக் குடத்தை அடிக்குங்கால் இடையிடையே உலையிற் காய்ச்சி இளக்குவதை நாம் கண்டிருக்கின்றோம். அதே முறையால் கோதின் வாயை மட்டும் சூடாக்கி இளக்குவர். அடிப்பாகத்தை நீரில் நிறுத்திக் காப்பர். அது இளகினால் வெடியழுத்தந் தாங்காது.

குழலை மாற்றியோரை நான் குறைகூறேன். தோட்டாவில்லாத் துவக்கால் அவர்க்குப் பயனில்லை. எனினும் கழற்றி எறிந்த குழல் திரும்பி வாராது. பழங்குழலை அவ்வாறே விட்டு, தோட்டாவை அதற்கு இசைவிப்போரின் வழியையே நான் மேலானதாகக் கொள்வேன். அவ்வேலையின் சோதனை ஐம்பது யார் தூரத்திற் கட்டிய காகிதத்தில் நிகழும். துளை வட்டமாயிருப்பின் குண்டு நேரே சென்றது. நீண்டிருப்பின் அது புரண்டு சென்றது. மீண்டும் ஈயத்துண்டைக் குழலிற் செலுத்தி அளவெடுக்க வேண்டியதே.